அத்திப்பள்ளி தாண்டினா வேற புகை

"பியூசி பாஸா, ஃபெயிலா?"

எங்க ஊர்ல இந்தக் கேள்விக்கு ரெண்டு அர்த்தம் உண்டு மக்கா. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் பியூசின்னா நம்ம ப்ளஸ் டூ. இந்தப் பக்கம் பியூசின்னா வண்டிக்கு எடுக்கிற புகைச் சான்றிதழ். ரெண்டாவது பியூசியில 2021-ம் வருஷம் நான் ஃபெயில். (முதல் பியூசி எழுதவே இல்லை, அதனால தப்பிச்சேன்.)

வண்டி மாருதி 800. 2006-ல ஓசூர்ல வாங்கினது. வாங்கினது நான் இல்லை, கூட ஆணி புடுங்கின ஒரு நண்பர். 2011-ல என் கைக்கு வந்துச்சு. 15 வருஷம் முடிஞ்சா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி மறுபடியும் பதிவு பண்ணணும் இல்லையா, அதுக்காக எல்லா பேப்பரும் எடுத்து வச்சேன். இன்சூரன்ஸ் ரெடி. தங்கமணிகிட்ட வாங்க வேண்டிய திட்டையும் வாங்கியாச்சு ("இந்த டப்பாவை யாருக்காவது சும்மாவாச்சும் குடுத்துத் தொலைங்க"). பியூசி மட்டும் பாக்கி. அங்க இருந்த பையன் சைலன்சர் குழாய்க்குள்ள கம்பியை விட்டான். மெஷின்ல கார்பன் மோனாக்சைடு 1.8 சதவீதம்னு வந்துச்சு. என் வண்டிக்கு அனுமதி 0.5.

"சார், உள்ள ஒண்ணுமே இல்ல போலிருக்கே" அப்படின்னான்.

பய புத்திசாலி. உள்ள ஒண்ணும் இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அது எப்படி இல்லாம போச்சுங்கிறதை யோசிக்க ஆரம்பிச்சேன். ஒரு டப்பா காரோட கதைன்னு நினைச்சு நூல் பிடிச்சுப் போனா, அது எங்க ஊர் எல்லைக்கோட்டோட கதையா இருந்துச்சு. சரி, கொஞ்சம் பெரிய கொசுவத்தியாவே சுத்திடறேன்.

உள்ள இருக்க வேண்டியது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். மெக்கானிக் பாஷையில 'தேன்கூடு'. பேரு பொருத்தமான பேரு தான். சைலன்சர் குழாய்க்கு நடுவுல புடைச்சுக்கிட்டு ஒரு தகர டப்பா. அதுக்குள்ள பீங்கான்ல செஞ்ச கட்டி, அதுல குறுக்கால நூத்துக்கணக்கான பொடி ஓட்டைகள். அந்த ஓட்டைச் சுவர்ல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலையுயர்ந்த உலோகங்களைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பூசியிருப்பாங்க. என்ஜின்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு இங்க கார்பன் டை ஆக்சைடா மாறும். எரியாம வர்ற பெட்ரோல் ஆவி, தண்ணியும் கார்பன் டை ஆக்சைடுமா மாறும். நைட்ரஜன் ஆக்சைடு பழையபடி நைட்ரஜனா மாறும். வேலை செய்ய முந்நூறு டிகிரி கிட்ட சூடு வேணும். மத்தபடி அதுக்கு சம்பளம் கிடையாது, ஆயில் கிடையாது, சர்வீஸ் கிடையாது. நல்ல பெட்ரோலும் நல்லா எரியுற என்ஜினும் இருந்தா போதும்.

அந்த நல்ல பெட்ரோல் தான் பிரச்சினையே. யூஜீன் ஊட்ரின்னு ஒரு பிரெஞ்சுக்கார இன்ஜினியர். அமெரிக்காவுக்குப் போய் பெட்ரோல் சுத்திகரிப்புல பெரிய பேர் வாங்கினவர். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தைப் பத்தி கவலைப்பட்டு, 1950-கள்லயே இந்த கன்வர்ட்டரைச் செஞ்சு காப்புரிமையும் வாங்கிட்டார். ஆனா அன்னிக்கு பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்துச்சு. என்ஜின் 'நாக்' ஆகாம இருக்க ஈயம் கலக்கலாம்னு 1921-ல ஜெனரல் மோட்டார்ஸ்ல தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்சு வச்ச பழக்கம். ஈயம் போய் தேன்கூட்டுச் சுவர்ல படிஞ்சா பிளாட்டினம் அம்பேல். ஒரு தடவை மூடிக்கிட்டா திரும்ப வராது. அதனால மனுஷன் செஞ்ச பொருள் இருபது வருஷம் சும்மா கிடந்துச்சு. அமெரிக்காவுல 1970-ல காற்றுச் சட்டம் வந்து, 1975 மாடல் கார்கள்ல கன்வர்ட்டர் வந்தப்ப தான், அதுக்காகவே ஈயம் இல்லாத பெட்ரோலும் பங்க்குக்கு வந்துச்சு. எந்தப் பக்கம் பார்த்தாலும் கன்வர்ட்டரும் பெட்ரோலும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, ஒண்ணு கெட்டா இன்னொண்ணும் கெடும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். டெல்லி காத்துக்காக வக்கீல் எம்.சி.மேத்தா 1985-ல சுப்ரீம் கோர்ட்டுல வழக்கு போட்டார். பத்து வருஷம் கழிச்சு அதோட பலன் ஒண்ணு வந்துச்சு. 1995 ஏப்ரல் 1-ம் தேதியில இருந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நாலு ஊர்லயும் விக்கிற புது பெட்ரோல் கார்ல கன்வர்ட்டர் கட்டாயம். அந்த நாலு ஊர்லயும் ஈயமில்லாத பெட்ரோல் கிடைக்கும். மத்த ஊர்? நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் மட்டும் தான்னு ஆனது 2000 பிப்ரவரி 1-ல.

கவனிச்சீங்களா, நடுவுல அஞ்சு வருஷம். சென்னையில வாங்கின கார் சென்னையிலயேவா இருக்கும்? கும்பகோணத்துக்கு கல்யாணத்துக்குப் போகும், கிருஷ்ணகிரிக்கு மாங்காய் வாங்க வரும். ரெண்டு மூணு வருஷத்துல கைமாறி வெளியூருக்கே வந்துடும். போற வழியில ஈய பெட்ரோல் ஊத்தினா தேன்கூடு செத்துடும். வண்டி நிக்காது, இடிக்காது, ஓட்டறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம ஊர் கன்வர்ட்டருங்க முதல்ல செத்தது இப்படித்தான், சத்தமே இல்லாம. (ஈய பெட்ரோலை உலகத்துலயே கடைசியா நிறுத்தின நாடு அல்ஜீரியா. எப்பன்னு நினைக்கிறீங்க? 2021 ஜூலை. நான் பியூசியில ஃபெயிலான அதே வருஷம்!)

இப்ப கோட்டுக்கு வர்றேன்.

2000-ல யூரோ ஒண்ணுக்குச் சமமான 'இந்தியா 2000' விதி நாடு முழுக்க வந்துச்சு. அது வரைக்கும் சரி. அதுக்கப்புறம் ஊருக்கு ஒரு சட்டம். 2003 ஏப்ரல்ல பெங்களூர் உட்பட சில பெரிய ஊர்களுக்கு மட்டும் பாரத் ஸ்டேஜ் ரெண்டு. அதே வருஷம் அக்டோபர்ல, மஷேல்கர் கமிட்டி சொன்னபடி மத்திய அரசு ஒரு எரிபொருள் கொள்கையை ஏத்துக்கிச்சு. அதுல பெரு நகரங்களுக்கு ஒரு அட்டவணை, மிச்ச நாட்டுக்கு ஒரு அட்டவணை. காரணம் என்னன்னா, எல்லா சுத்திகரிப்பு ஆலையையும் ஒரே நேரத்துல மாத்த காசு ஆகும். நியாயம் தான். ஆனா காசு எங்க மிச்சமாச்சுன்னு பார்க்கணும்ல?

2005 ஏப்ரல் 1. பெங்களூருக்கு பாரத் ஸ்டேஜ் மூணு. ஓசூருக்கு ரெண்டு.

2010 ஏப்ரல் 1. பெங்களூருக்கு நாலு. ஓசூருக்கு மூணு.

(எல்லா விதியும் ஏன் ஏப்ரல் ஒண்ணாம் தேதியே வருதுன்னு கேக்கறீங்களா? நானும் கேக்கறேன். முட்டாள்கள் தினத்துல நம்ம மேல அரசாங்கத்துக்கு எவ்வளவு பிரியம் பாருங்க.)

ஆணையில இருந்தது நகரத்தோட பேரு தான், எல்லைக்கோடுன்னு எதுவும் வரையலை. ஆனா எங்களுக்குக் கோடுன்னா அத்திப்பள்ளி. ஓசூர்ல இருந்து பெங்களூரு நாப்பது கிலோமீட்டர். ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டினா கர்நாடகா. காலையில இங்க இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பொட்டி தட்டப் போறவங்க, அங்க இருந்து சிப்காட்டுக்கு ஷிஃப்டுக்கு வர்றவங்க, காய்கறி ஏத்தின டெம்போ, பூ மூட்டை ஏத்தின பஸ், எல்லாம் அதே ரோடு. வீட்டுல தெலுங்கு, கடையில கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழ்னு வாழுற ஊர் இது. காத்து மட்டும் தமிழ்நாடு பர்மிட் எடுத்துக்கிட்டு இந்தப் பக்கமே நிக்குமா என்ன?

பெட்ரோல்ல இருந்த கந்தகத்தை மட்டும் பார்த்தா விஷயம் புரியும். பாரத் ஸ்டேஜ் ரெண்டு பெட்ரோல்ல பத்து லட்சத்துல 500 பங்கு வரைக்கும் கந்தகம் இருக்கலாம். மூணுல 150. நாலுல 50. இப்ப ஆறுல 10. கந்தகம், ஈயம் மாதிரி தேன்கூட்டை ஒரேடியா கொல்லாது, ஆனா மூச்சு முட்ட வைக்கும். அப்ப 2005-க்கும் 2010-க்கும் நடுவுல பெங்களூர்ல பெட்ரோல் போட்டா 150, நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஓசூர்ல போட்டா 500. நாங்க என்ன பார்த்தோம்? எந்தப் பக்கம் லிட்டருக்கு ஒரு ரூபா கம்மின்னு பார்த்தோம். அது ஒண்ணு தான் பார்த்தோம். கந்தகமாவது மண்ணாவது.

இதுல எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலைக் கிளப்புற விஷயம் இன்னொண்ணு. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது ஏதோ மாட்டுவண்டி ஊர் இல்லை. 1980-ல அசோக் லேலண்ட் இங்க ஆலை போட்டுச்சு. அதே வருஷம் டி.வி.எஸ். 50 இங்க இருந்து தான் வெளிய வந்துச்சு. மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பக்கம் போனீங்கன்னா தெருவுக்குத் தெரு வண்டிக்கு ஏதாவது ஒரு பாகம் செய்யுற கம்பெனி. பெங்களூரும் டெல்லியும் என்ன விதி கேட்குதோ அந்த விதிக்கு ஏத்த லாரியும் பைக்கும் செஞ்சு அனுப்புற ஊர். செய்யறவன் வீட்டு வாசல்ல மட்டும் ஒரு படி கீழ இருக்கிற சட்டம், ஒரு படி மட்டமான பெட்ரோல். இட்லிக்கடை வச்சிருக்கிறவர் வீட்டுல பழைய சோறுங்கற மாதிரி.

மாருதி 800-ஐயே எடுத்துக்கோங்க. பாரத் ஸ்டேஜ் நாலுக்கு அந்த என்ஜினை மாத்தறதில்லைன்னு கம்பெனி முடிவு பண்ணிடுச்சு. அதனால 2010 ஏப்ரல்ல பெங்களூர், சென்னை உட்பட 13 ஊர்ல அதோட விற்பனையை நிறுத்தினாங்க. மத்த ஊர்ல தொடர்ந்து வித்தாங்க. தயாரிப்பு முழுசா நின்னது 2014 ஜனவரி. நாலு வருஷம், பெங்களூர்ல புதுசா வாங்க முடியாத கார் ஓசூர்ல சட்டப்படி புதுக் கார். வாங்கிட்டு எங்க ஓட்டுவாங்க? வேற எங்க, சில்க் போர்டு சிக்னல்ல தான்.

சரி, என் வண்டி. இங்க யாரையும் குத்தம் சொல்ல முடியாது, சொ.செ.சூ. தான்.

2012 வாக்குல வண்டி மேடு ஏற மறுத்துச்சு. சூளகிரி ஏத்தத்துல செகண்ட் கியர்ல முனகும். பாகலூர் ரோட்டுப் பக்கம் நான் வழக்கமா வண்டி விடுற பாய்கிட்ட கொண்டு போனேன். அறுபது வயசு, வண்டியைக் காதால பார்க்கிறவர். ஒரு பிளக் சரியா எரியலை, எரியாத பெட்ரோல் பச்சையா தேன்கூட்டுக்குள்ள போய் அங்க எரிஞ்சிருக்கு, அந்தச் சூட்டுல பீங்கான் உருகி ஓட்டை எல்லாம் அடைஞ்சு போச்சுன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டார். மனுஷனுக்கு மூக்கடைச்சா எப்படி இருக்கும், அப்படி.

"புதுசு போடணும்னா வண்டி விலையில பாதி சொல்வான் தம்பி. காலி பண்ணிடட்டுமா? பிக்கப் பிச்சுக்கும்."

நான் எவ்வளவு நேரம் யோசிச்சேன் தெரியுமா? ஒரு டீ குடிக்கிற நேரம் கூட இல்லை. "பண்ணிடுங்க பாய்."

டப்பாவை அறுத்தார். கம்பியால ரெண்டு குத்து. சாம்பல் கலர்ல கல்லு மாதிரி பொடிப்பொடியா ஒரு பேப்பர்ல கொட்டுச்சு. டப்பாவை வெறுமனே திருப்பி வெல்டிங் வச்சாச்சு. வெளிய இருந்து பார்த்தா எந்த வித்தியாசமும் தெரியாது. பிக்கப் நிஜமாவே பிச்சுக்கிச்சு. அன்னிக்கு சூளகிரி ஏத்தத்துல பாட்டுப் பாடிக்கிட்டே போனேன். அந்தப் பொடி என்னாச்சுன்னு கேட்கக் கூடத் தோணலை.

நடுவுல ஒன்பது வருஷம் பியூசி எப்படிக் கிடைச்சதுன்னு மட்டும் கேட்காதீங்க. வண்டி வீட்டு வாசல்ல நிக்கும், சான்றிதழ் தனியா நடந்து வரும். எங்க, யார்னு சொல்ல மாட்டேன். அப்புறம் எல்லாம் ஆன்லைன்ல ஏத்தணும்னு ஆச்சு, அந்த வாசலும் மூடிக்கிச்சு.

ஒரு வேடிக்கையைச் சொல்லணும். 2004 அக்டோபர்ல இருந்து நடப்புல இருக்கிற பியூசி கணக்குப்படி, பாரத் ஸ்டேஜ் ரெண்டுக்கு முந்தின பெட்ரோல் கார்ல கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும் போகலாம். ரெண்டும் அதுக்கு மேலயும் உள்ள வண்டின்னா 0.5. நாலுன்னா 0.3. அதாவது என் வண்டி கக்கின அதே 1.8-ஐ ஒரு 1999 மாடல் 800 கக்கியிருந்தா, சிரிச்சுக்கிட்டே பாஸ்! சுவாசிக்கிற குழந்தைக்கு மாடல் வருஷம் தெரியுமா? ஆனா அதுக்காக பழைய வண்டிக்காரனைத் திட்டவும் எனக்கு மனசு வரலை. அவன் வாங்கினப்ப என்ன விதி இருந்துச்சோ அந்த வண்டியைத் தானே வச்சிருக்கான். பொதுவா சட்டத்தைப் பின்னோக்கிப் போட மாட்டாங்க. கலிஃபோர்னியாவுல 1975-ம் அதுக்கு முந்தினதுமான கார்களுக்கு ஸ்மாக் செக்கே கிடையாது.

2017 மார்ச் 29 ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 1-ல இருந்து பாரத் ஸ்டேஜ் மூணு வண்டியை விக்கவும் கூடாது, பதியவும் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கும் மேல வண்டி விக்காம நின்னுச்சு. கையில இருந்தது ரெண்டே நாள். பைக்குக்கு பத்தாயிரம், இருபதாயிரம்னு தள்ளுபடி. எங்க ஊர் ஷோரூம் வாசல்ல தீபாவளி தியேட்டர் மாதிரி கூட்டம். என் சித்தப்பா பையன் லைசென்ஸ் கூட எடுக்காதவன், அவனும் ஒண்ணு புக் பண்ணிட்டு வந்தான். அத்தோட நாடு முழுக்க ஒரே விதி. 2020 ஏப்ரல் 1-ல அஞ்சைத் தாண்டி நேரா ஆறு. அத்திப்பள்ளிக் கோடு காகிதத்துல அழிஞ்சு போச்சு.

ஆனா அது வரைக்கும் வித்த வண்டியெல்லாம் ரோட்டுல தானே இருக்கு. எல்லைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஜாதி வண்டி. கோடு காகிதத்துல இருந்து இறங்கி வண்டிக்குள்ள போயிடுச்சு.

2021-க்குத் திரும்ப வர்றேன். ஃபெயிலாகி நேரா பாய்கிட்ட தான் போனேன். இப்ப அவர் பையன் தான் முழுசா வேலை பார்க்கிறார், பாய் நாற்காலியில உட்கார்ந்து திட்டறதோட சரி. "காலி பண்ணச் சொன்னது நீங்க தானே பாய்"னேன். "பண்ணிடுங்கன்னு சொன்னது நீ தானே தம்பி"ன்னார். அந்தக் கேஸ் அத்தோட முடிஞ்சது.

புது கன்வர்ட்டர் விலை கேட்டேன். வண்டியை வித்தா வர்றதுல பாதிக்கு மேல. பஜார்ல கம்பெனி பேர் இல்லாத டூப்ளிகேட் கிடைக்கும், அதுல பிளாட்டினம் பூசியிருக்கா பெயிண்ட் பூசியிருக்கான்னு ஆண்டவனுக்குத் தான் தெரியும். மிச்சம் இருந்த வழி காயலான் கடை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அதுக்கு குஜரின்னு பேரு. பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் போனா வண்டியைத் துண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருப்பாங்க, நம்ம சென்னை புதுப்பேட்டை மாதிரி.

போனா, கதவு கிடைக்குது, கண்ணாடி கிடைக்குது, என்ஜினே கிடைக்குது. தேன்கூடு மட்டும் கிடைக்கலை. காரணம் அப்புறம் தான் புரிஞ்சது. அந்த 2021 மார்ச்ல ரோடியம் ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 29,000 டாலர்! தங்கத்தை விடப் பல மடங்கு. வண்டியை உடைக்கிறவன் முதல்ல கழட்டறதே அதைத் தான். மொத்தமா வாங்கிட்டுப் போய் உலோகத்தை உருக்கி எடுக்கறவங்க இருக்காங்க. குஜராத் பக்கம் நிறுத்தி வச்ச மாருதி ஈக்கோ வண்டிகள்ல சைலன்சரை மட்டும் அறுத்துட்டுப் போற கூட்டம் எல்லாம் அப்ப தான் பேப்பர்ல வந்துச்சு.

அப்ப தான் அந்தப் பேப்பர் பொட்டலம் ஞாபகம் வந்துச்சு. 2012-ல என் வண்டியில இருந்து கொட்டின சாம்பல் கல்லு. "பாய், அந்தப் பொடியை என்ன பண்ணீங்க?" பாய் பையனைப் பார்த்தார், பையன் கூரையைப் பார்த்தார். கிலோ கணக்குல எடை போட்டு வாங்க ஒரு ஆள் வருவாராம். என் வண்டியோட ரோடியம் எந்த ஊர் உலையில போய் உருகி, எந்தப் புது வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கோ. காத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தா சரி, எங்கயாவது.

ரெண்டு வாரம் கழிச்சு பாய் பையன்கிட்ட இருந்து போன். பெங்களூர்ல ஆக்ஸிடெண்ட் ஆன 800 ஒண்ணு உடைப்புக்கு வந்திருக்காம், 2009 மாடல். கன்வர்ட்டர் முழுசா இருக்காம், 4,500 ரூபா. போனேன். வாங்கறதுக்கு முன்னாடி அவர் செஞ்ச பரிசோதனையைச் சொல்றேன், யாருக்காவது பயன்படலாம். முதல்ல காது பக்கத்துல வச்சுக் குலுக்கினார். கடகடன்னு சத்தம் வந்தா உள்ள உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். வரலை. அப்புறம் ஒரு பக்கம் மொபைல் டார்ச் அடிச்சு மறுபக்கம் பார்க்கச் சொன்னார். நூத்துக்கணக்கான குட்டி வெளிச்சப் புள்ளி. அழகா இருந்துச்சுங்க. 15 வருஷம் கார் வச்சிருக்கிறவன் அதுக்குள்ள இருக்கிறதை அன்னிக்குத் தான் முழுசாப் பார்த்தேன் (அஞ்சு வருஷம் குறைச்சுக்கோங்க, வண்டி எனக்கு வந்தது 2011). மேல எண்ணெய்க் கறுப்பு இல்லை, நீலம் பாய்ஞ்சு சூடேறின தடம் இல்லை. ஆனா உள்ள பிளாட்டினம் இன்னும் உயிரோட இருக்கா செத்துடுச்சான்னு குலுக்கியும் பார்க்க முடியாது, டார்ச் அடிச்சும் பார்க்க முடியாது. மாட்டி, சூடேத்தி, மெஷின்ல வச்சுத் தான் பார்க்கணும்.

இதனால தான் கலிஃபோர்னியாவுல 2008-ல இருந்து பழைய கன்வர்ட்டரை விக்கவோ மாட்டவோ கூடாதுன்னு சட்டம். புதுசா வெளிக் கம்பெனி செஞ்சதை மாட்டினாலும், அந்த மாடலுக்கு அது பொருந்தும்னு காற்று வாரியம் கொடுத்த உத்தரவு நம்பர் டப்பா மேலயே அடிச்சிருக்கணும். ஸ்மாக் செக் பண்றவர் குனிஞ்சு அதையும் பார்ப்பார். நம்ம பியூசி குழாயோட முனையில மட்டும் தான் மூக்கை வைக்குது. உள்ள இருக்கிறது ஒரிஜினலா, பழசா, ஓசியான்னு அது கேக்கறதில்லை.

எது சரி? எனக்கு ரெண்டு மனசு. அந்த ஊர்ச் சட்டம் இங்க இருந்திருந்தா நான் புதுசு வாங்கியிருப்பேனா? நிச்சயமா இல்லை. வண்டியை எடைக்குப் போட்டிருப்பேன், இல்லைன்னா சான்றிதழ் நடந்து வர்ற இன்னொரு வாசலைத் தேடியிருப்பேன். பழசு மாட்ட அனுமதி இருந்ததால தான் ஒன்பது வருஷம் வெறும் டப்பாவா ஓடின வண்டியில ஏதோ ஒண்ணு உள்ள போச்சு. அதே சமயம் செத்த தேன்கூட்டை 4,500 ரூபாய்க்கு என் தலையில கட்டியிருந்தா கேட்க நாதியும் இல்லை. பழசு விக்கட்டும், ஆனா மெஷின்ல ஒரு தடவை காட்டிட்டு விக்கட்டும்னு சொன்னா என்ன குறைஞ்சு போகும்னு தெரியலை.

பெங்களூர் வண்டிங்கறதால அது மூணாம் விதி கன்வர்ட்டர். என்னோடது ஓசூர்ல வாங்கின ரெண்டாம் விதி வண்டி. குழாய் நீளம் ரெண்டு விரக்கடை ஒத்து வரலை. பாய் பையன் அறுத்து, ஒரு வளையம் வச்சு, வெல்டிங் அடிச்சார். 2005-ல போட்ட கோடு என் வண்டிக்கு அடியில பழுப்பு நிறத்துல ஒரு வெல்டிங் தழும்பா இன்னும் இருக்கு. குனிஞ்சு பார்த்தா தெரியும்.

பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசா மாத்தி (அதைச் செய்யாம தேன்கூட்டை மட்டும் மாத்தினா மறுபடியும் உருகும்னு பாய் நாற்காலியில இருந்தே கத்தினார்), ராயக்கோட்டை ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டி நல்லா சூடேத்திட்டு, அதே பியூசிக்கடைக்குப் போனேன். அதே பையன். கம்பியை விட்டான். 0.31. ஹைட்ரோ கார்பனும் 750-க்குக் கீழ தான்.

"உள்ள ஏதோ வந்திருக்கு சார்" அப்படின்னான்.

மறுபதிவும் ஆச்சு. அப்ப அதுக்கான கட்டணம் 600 ரூபா தான். 2022 ஏப்ரல்ல அது காருக்கு 5,000 ஆச்சு, நூலிழையில தப்பிச்சேன். ஆனா புதுப்பிச்சது அஞ்சு வருஷத்துக்குத் தான். அது முடியறப்ப வண்டிக்கு 20 வயசு. 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. தங்கமணி இந்தத் தகவலை எனக்கு முன்னாடியே படிச்சுட்டாங்க.

தேன்கூடு இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு போன வாரம் பாய் பையன்கிட்ட கேட்டேன். அவர் லாரி ஒண்ணுக்கு அடியில இருந்தார். இப்ப வர்ற லாரிக்கெல்லாம் கன்வர்ட்டர் பத்தாதுன்னு யூரியாத் தண்ணி ஊத்தணும், இருபது லிட்டர் பக்கெட்டுல கிருஷ்ணகிரி ரோடு முழுக்க விக்கிறாங்க. அந்தத் தண்ணி இல்லாமலே ஓட வைக்க ஒரு சின்னப் பொட்டி மாட்டித் தரச் சொல்லி ஒரு டிரைவர் அவர் பக்கத்துல நின்னு கெஞ்சிக்கிட்டு இருந்தார்.

"முடியாதுண்ணா"ன்னு அடியில இருந்து குரல் வந்துச்சு. எனக்கா, டிரைவருக்கான்னு புரியலை. டீ சொல்லிட்டு உட்கார்ந்தேன்.